புது பாத்ரூம், டைல்ஸ் போட்டு மூன்றே வாரம், தண்ணீர் வாசலுக்கு வருகிறது. உடைப்பதா, விடுவதா?

பழைய பிளாட்காரன்
எல்லாருக்கும் வணக்கம். சென்னைப் புறநகரில் 1999ல் கட்டிய பிளாட், முதல் மாடி. அம்மாவுக்கு 74 வயது, இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழ முடியவில்லை என்பதால் பொது பாத்ரூமை முழுக்க உடைத்து வெஸ்டர்ன் வைத்து, சுவர் தரை இரண்டுக்கும் புது டைல்ஸ் போட்டோம். ஏழுக்கு ஐந்து அடிதான், பெரிய அரண்மனை இல்லை. உடைப்பு, குழாய், வாட்டர் ப்ரூஃபிங், டைல்ஸ் எல்லாம் சேர்த்து 1,45,000 பேசி, இதுவரை 1,20,000 கொடுத்தாயிற்று. மீதி 25,000 இன்னும் என் கையில்.

வேலை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. குளித்தால் தண்ணீர் நானி ட்ராப்புக்கு, அதாவது தரையில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைக்கு, போகாமல் கம்மோடுக்குப் பின்னால் குட்டை கட்டி நிற்கிறது, மிச்சம் வாசல்படி பக்கம் வருகிறது. இத்தனைக்கும் ட்ராப் கதவுக்குப் பக்கத்து மூலையில்தான் இருக்கிறது, அதற்கு ஓரடி தள்ளி நின்றுவிடுகிறது. சுவரில் ஷவருக்குக் கீழே ஏழெட்டு டைல்ஸைத் தட்டினால் டொப் டொப் என்று சத்தம். டைல்ஸ் இடுக்கில் அடைத்த க்ரௌட்டைத் தேய்த்தால் பவுடராகக் கையில் வருகிறது. ட்ராப்பைச் சுற்றி ஒரே டைலை மூன்று துண்டாக வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார்கள், கிழிந்த சட்டையில் ஒட்டுப்போட்ட மாதிரி. போன வாரம் அம்மாவுக்குக் கால் வழுக்கி, நல்ல வேளை கதவைப் பிடித்துக்கொண்டார்.

காண்ட்ராக்டரிடம் சொன்னால், "வைப்பர் வைத்துத் தள்ளிவிடுங்க சார், எல்லார் வீட்டிலும் இப்படித்தான்" என்கிறார். கூடவே மீதிப் பணத்தை தினமும் கேட்கிறார். எல்லாவற்றையும் உடைத்துத் திரும்பப் போட வேண்டுமா? பணத்தைக் கொடுக்கலாமா?

ரெண்டாம் நம்பர் செங்கல்
25,000ஐக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

கோவை அக்கா
ஏனுங்க, கொடுத்துப்போட்டு அழுகிறவள் நான். போன வருடம் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று என்பதால் கடைசி ரூபாய் வரை கணக்கு தீர்த்தோம். அந்த ஆள் அதற்குப் பிறகு போனை எடுத்தது இரண்டு தடவை, இரண்டாவது தடவை அவர் மனைவி எடுத்தார். ஆறு மாதத்தில் பக்கத்து பெட்ரூம் சுவரில் ஓதம் ஏறி, பெயின்ட் உரிந்து, உப்புப் பூத்து நிற்கிறது. பீரோவைத் தள்ளி வைத்து மறைத்திருக்கிறேன். விருந்தாளி வந்தால் பீரோ அழகாக இருக்கிறது என்கிறார்கள்.

மட்டக்குழாய்
சைட் இன்ஜினீயர், இருபது வருடமாக இந்தத் தொழில். எதையும் அவசரப்பட்டு உடைக்காதீர்கள், காசும் கொடுக்காதீர்கள். முதலில் எது பார்க்கத்தான் அசிங்கம், எது தண்ணீர் விவகாரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கோடு சேராதது, ஒட்டுத்துண்டு இதெல்லாம் தினமும் எரிச்சலைக் கிளப்பும், ஆனாலும் அதோடு குடித்தனம் நடத்தலாம். வாட்டம், அதாவது தரையின் சரிவு, தப்பினதும் தண்ணீர் அடியில் இறங்குவதும் அப்படி இல்லை, கீழ் வீட்டுக்காரர் உங்களை விடமாட்டார்.

வாட்டத்தை அளந்து பாருங்கள். நான் அடிக்கு 3 மில்லிமீட்டராவது இறக்கம் வைப்பேன். உங்கள் ஏழு அடிக்கு 20 மில்லிக்குக் குறையாமல், அதாவது கம்மோடு பின்சுவரிலிருந்து ட்ராப் வரை முக்கால் அங்குலத்துக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். ரசமட்டம் இல்லை என்றால் பத்து அடிக்கு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ட்யூப் வாங்கித் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் பிடித்து அளங்கள், என் பெயரே அதுதான், செலவு நூறு ரூபாய்க்குள். அளவோடு போட்டோ எடுத்து வையுங்கள். "தண்ணீர் நிற்கிறது" என்று சொன்னால் வைப்பர் கதை வரும், "20 மில்லி இறங்க வேண்டிய இடத்தில் 4 மில்லிதான் இறங்கியிருக்கிறது" என்று சொன்னால் வராது.

டைலுக்கு டைல் மேடு பள்ளம் இருந்தால் ஏடிஎம் கார்டு போதும். கார்டின் கனம் முக்கால் மில்லி. ஒரு கார்டு அளவு ஏற்ற இறக்கம் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, டைலே சூளையில் அந்த அளவு வளைந்து வரும். இரண்டு கார்டு அடுக்கியும் படி தெரிந்தால் கேளுங்கள்.

முக்கியமானது தேக்கிப் பார்ப்பது. ட்ராப் வாயைத் துணியைப் பாலித்தீன் கவரில் சுற்றி இறுக்கமாக அடைத்து, வாசலில் களிமண்ணோ செங்கல்லோ வைத்து அணை கட்டி, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். சுவரில் பென்சில் கோடு. 24 மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. ஆரம்பிக்கும் முன்பே கீழ் வீட்டு சீலிங்கைப் போட்டோ எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய கறையெல்லாம் உங்கள் கணக்கில் ஏறும்.

நெல்லை வெயில்
தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து விட்டால் கீழே எங்கே வருகிறது என்று பளிச்சென்று தெரியும்.

மட்டக்குழாய்
தெரியும். புது க்ரௌட்டும் நீலமாகும். அவர் க்ரௌட் இருக்கிற நிலைமைக்கு அது குடித்தே விடும். வேண்டாம்.

கொத்தனார் மகன்
எல்லாரும் கொத்தனாரைப் பிடித்து உலுக்குகிறீர்கள், சரி, அவர் செய்தது தப்புதான். அப்பா முப்பது வருடம் கரண்டி பிடித்தவர், மொசைக் தேய்க்கிற காலத்திலிருந்து. நானும் லீவு நாளில் சித்தாள் வேலை பார்த்திருக்கிறேன், அதனால் இரண்டு விஷயம் கேட்க வேண்டும்.

ஒன்று, அண்ணே, தரைக்கு எத்தனைக்கு எத்தனை டைல்ஸ் போட்டீர்கள்?

இரண்டு, ஒட்டினது டைல்ஸ் பசையான அடெசிவிலா, சிமென்ட்டிலா? சிமென்ட் என்றால் எந்த டைல்ஸ்? சாதாரண செராமிக் சுவர் டைல்ஸ் தண்ணீர் குடிக்கும், அதனால் ஊறவைத்து சிமென்ட் பாலில் ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைட் அப்படி இல்லை, அது குடிக்கிற தண்ணீர் அரை சதவீதத்துக்கும் கீழே. கண்ணாடிக்குச் சிமென்ட் பூசின மாதிரிதான், காய்ந்ததும் விட்டுவிடும். அதற்கு அடெசிவ்தான். அடெசிவ் வாங்கினாலும் சில பேர் பல் வைத்த கரண்டியால் முழுக்க இழுக்காமல் நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை வைத்து அமுக்கிவிடுவார்கள், பிள்ளையார் பிடித்து வைப்பது என்று அப்பா திட்டுவார். உருண்டைக்கு நடுவில் எல்லாம் காற்று. ஹாலில் அது வெறும் சத்தம், ஷவருக்குக் கீழே அந்தக் காலி இடத்தில் தண்ணீர் தங்கும். குளிக்கிற இடத்தில் டைலின் முதுகு ஏறக்குறைய முழுசாக, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்காவது பசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்புறம் கூலி. ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் ஒரே சதுரடிக் கணக்குப் பேசுகிறார்கள். ஹாலில் நேராகப் போட்டுக்கொண்டே போகலாம். பாத்ரூமில் ஒவ்வொரு கல்லும் வெட்டு, குழாய்க்கு ஓட்டை, மூலைக்கு மூலை அளவு. ஒரு நாளில் பாதி பரப்புகூட முடியாது, அதே கூலிதான். வேகமாக முடித்தால்தான் அவருக்குக் கட்டும். நாள் கூலி பேசியிருந்தால் வேறு மாதிரி நடந்திருக்கும்.

ரெண்டாம் நம்பர் செங்கல்
நாள் கூலி பேசினால் டீ குடித்தே மூன்று நாள் போகும், அதையும் சொல்லுங்கள்.

கொத்தனார் மகன்
அதற்கு வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும். போட்டோ அனுப்பச் சொல்லிவிட்டு ஆபீஸில் உட்கார்ந்தால் டீதான் வரும்.

பழைய பிளாட்காரன்
பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. கொத்தனார் மகன் தம்பி, கேள்வி சரியான இடத்தில் குத்துகிறது. தரைக்கு இரண்டுக்கு இரண்டு, மேட் ஃபினிஷ், விட்ரிஃபைட். கடையில் "ஜாயின்ட் குறைவு, அழுக்குச் சேராது" என்றார்கள், நான்தான் தேர்ந்தெடுத்தேன். மனைவி சின்ன டைல்ஸ் கேட்டாள். இந்த வரியை அவள் படிக்கக் கூடாது.

அடெசிவ் எட்டு மூட்டை வாங்கிக் கொடுத்தேன். மீதி இரண்டு மூட்டை என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்கள்.

மட்டக்குழாய்
வந்துவிட்டது பதில். இரண்டடிக் கல் வளையாது. நாலு பக்கத்திலிருந்தும் ஒரு மூலை ட்ராப்புக்கு இறங்க வேண்டும் என்றால் கல்லைக் குறுக்கே வெட்டி மடிப்பு மாதிரி போட வேண்டும், அது பார்க்க நன்றாக இருக்காது என்று மேஸ்திரி தரையை ரசமட்டத்தில் அப்படியே மட்டமாகப் போட்டிருப்பார். அதனால்தான் ட்ராப்பைச் சுற்றி மட்டும் மூன்று துண்டு, கடைசி ஓரடியில் இறக்கம் காட்டப் பார்த்திருக்கிறார். பாத்ரூம் தரைக்கு ஒன்றுக்கு ஒன்றுதான் வசதி. பெரிய கல்தான் வேண்டும் என்றால் சுவர் ஓரமாக நீள வடிகால் வைத்து ஒரே பக்கமாகச் சாய்க்க வேண்டும்.

மூட்டைக் கணக்கும் பாருங்கள். 20 கிலோ மூட்டை, 3 மில்லி கனத்தில் இழுத்தால் 40லிருந்து 50 சதுரடி வரும். தரை 35, சுவர் ஏழு அடி உயரத்துக்குக் கதவைக் கழித்தால் 150 சொச்சம். மொத்தம் 190 வைத்துக்கொண்டால் நாலைந்து மூட்டை, பழைய சுவர் கோணல் என்றால் ஆறேழு. இரண்டு மீந்தது என்பதை வைத்து மட்டும் திருட்டு என்று சொல்ல முடியாது.

க்ரௌட் பவுடராக வருவது பற்றி ஒரு கேள்வி. கடைசி நாள் ஆசிட் ஊற்றிக் கழுவினார்களா?

பழைய பிளாட்காரன்
ஆமாம் சார். சிமென்ட் கறை போக வேண்டும் என்று ஊற்றினார்கள், புகை வந்தது, அம்மா இருமினார். க்ரௌட் போட்டது அதற்கு முந்தின நாள் சாயங்காலம். ஷவர் பிளேட்டிலும் கறுப்புப் புள்ளி இருக்கிறது, தண்ணீரில் உப்பு என்று நினைத்தேன்.

மட்டக்குழாய்
உப்பு இல்லை. க்ரௌட்டை அரித்ததும் குரோமில் புள்ளி வைத்ததும் ஒரே ஆசிட். ஒரு நாள்கூட ஆகாத சிமென்ட் க்ரௌட்டில் ஊற்றினால் அது என்ன செய்யும் பாவம். இது சுலபம், ஜாயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடைக்கலாம். குளிக்கிற பக்கம் எபாக்சி க்ரௌட் போடுங்கள், விலை கூட, ஆனால் தண்ணீர் குடிக்காது. சுவரும் சுவரும் சேரும் மூலை, சுவரும் தரையும் சேரும் மூலை இரண்டிலும் எபாக்சியும் வேண்டாம் சிமென்ட்டும் வேண்டாம், சிலிக்கான். மூலை எப்போதும் கொஞ்சம் அசையும்.

நெல்லை வெயில்
எதற்கு உடைப்பு? இருக்கிற டைல்ஸ் மேலேயே அடெசிவ் போட்டு ஒன்றுக்கு ஒன்று டைல்ஸ் வாட்டத்தோடு ஒட்டிவிடலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம், ஒன்றரை நாள் வேலை, தூசி இல்லை.

மட்டக்குழாய்
கீழே இருப்பது கெட்டியாக இருந்தால் செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். இவருக்கு மூன்று தடை. அடியில் காலியாக இருக்கிற கல்லின் மேல் இன்னொரு கல்லை ஒட்டினால் இரண்டும் சேர்ந்து கழன்று வரும். தரை ஒன்றேகால் அங்குலமாவது ஏறும், அப்புறம் வாசல்படி எங்கே, 74 வயது அம்மா எங்கே கால் தூக்குவார்? அதைவிட, வாட்டர் ப்ரூஃபிங் போயிருந்தால் ஈரத்தை உள்ளே வைத்து மூடி போட்ட கதையாகும். தேக்கிப் பார்க்காமல் எதுவும் பேச வேண்டாம்.

பழைய பிளாட்காரன்
தேக்கிப் பார்த்தாயிற்று. சனிக்கிழமை காலை 9 மணிக்குத் தண்ணீர் நிறுத்தினேன். கம்மோடு பின்னால் மட்டும் ஓர் அங்குலம் வைத்துக்கொண்டேன், ட்ராப் பக்கமும் ஏறக்குறைய அதே ஆழம்தான் வந்தது! ட்யூப் வைத்து அளந்தால் ஏழு அடியில் இறக்கம் 3 மில்லி. ஞாயிறு காலை தண்ணீர் கோட்டிலிருந்து 8 மில்லி இறங்கியிருந்தது. கீழ் வீட்டு மாமா ராத்திரி 11 மணிக்கே வந்து கதவைத் தட்டிவிட்டார். அவர் சீலிங்கில் சரியாக ட்ராப் இருக்கிற இடத்தில் உள்ளங்கை அளவு ஈரம். நல்ல மனிதர், கோபப்படவில்லை, டார்ச் வேறு பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் அவர் வீட்டில் அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்களாம்.

கோவை அக்கா
அச்சச்சோ. சாமி, மாமா வீட்டுக்கு முதலில் ஒரு டப்பா பெயின்ட்டோடு போங்க.

ரெண்டாம் நம்பர் செங்கல்
ஒரு நாளைக்கு 8 மில்லி ஆவியாகப் போகாது. மூடின பாத்ரூமில் ஒன்றிரண்டு மில்லி போனால் அதிகம்.

குறள் வக்கீல்
சட்டப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். வக்கீல்தான், ஆனால் முதல் நாளே நோட்டீஸ் விடச் சொல்கிற வக்கீல் இல்லை. காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலையில் குறை என்றால் அது 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கலாம், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கோளாறு வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். ரசீது இல்லையே என்று பயப்பட வேண்டாம், பணம் யுபிஐயில் போயிருந்தால் அதுவே சாட்சி, வாட்ஸ்அப்பில் பேசின வாய்ஸ் மெசேஜ்களையும் அழிக்காமல் வையுங்கள். வைப்பர் வைத்துத் தள்ளச் சொன்னதை எழுத்தில் அனுப்பியிருந்தால் எனக்குச் சந்தோஷம்.

ஆனால் கேஸ் முடிய மாதக்கணக்கு, சில நேரம் வருடக்கணக்கு. உங்களுக்குத் தேவை அம்மா குளிக்க ஒரு பாத்ரூம். கையில் 25,000 இருக்கிறது, அளவும் போட்டோவும் இருக்கிறது. பேசித் தீர்க்கப் பாருங்கள். வேறு ஆளை வைத்து உடைப்பதாக இருந்தால் மட்டும், உடைக்கும் முன் அவருக்கு ஒரு வாரம் கெடு கொடுத்து எழுத்தில் தெரிவித்துவிட்டு உடையுங்கள். சொல்லாமல் உடைத்தால், "நான் போட்டது நன்றாகத்தான் இருந்தது" என்பார், காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

கொத்தனார் மகன்
அண்ணே, காண்ட்ராக்டரை மட்டும் கூப்பிடாதீர்கள், டைல்ஸ் போட்ட மேஸ்திரியையும் வரச் சொல்லுங்கள். அவர் முன்னாடி ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். திட்ட வேண்டாம். வேலை தெரிந்த ஆளுக்குத் தன் தரையில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கஷ்டம்.

நெல்லை வெயில்
வேலை தெரியாத ஆளாக இருந்தால்?

கொத்தனார் மகன்
அப்போது வக்கீல் அண்ணன் இருக்கிறார்.

பழைய பிளாட்காரன்
பத்து நாளாக எழுத முடியவில்லை, நடந்ததை மொத்தமாகச் சொல்கிறேன்.

மேஸ்திரி வந்தார். தம்பி சொன்ன மாதிரியே தண்ணீரை ஊற்றிவிட்டு நின்றேன். காண்ட்ராக்டர் பேசிக்கொண்டே இருந்தார், பழைய கட்டடம், ஸ்லாப் கோணல், இத்யாதி. மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு அவரிடம் மெதுவாக, "அன்னைக்கே சொன்னேனே, இந்தக் கல்லுக்கு வாட்டம் வராதுன்னு" என்றார். காண்ட்ராக்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நானே கல்லை மாற்றியிருப்பேன் என்றேன். மாற்றியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

ஒரு மணி நேரம் இழுபறி. முடிவில் தரையை முழுக்க உடைத்து வாட்டர் ப்ரூஃபிங்கோடு திரும்பப் போடுவது, கூலியும் ரசாயனமும் அவருடையது, புது டைல்ஸ் என்னுடையது. சுவரில் ஷவர் பக்கம் சத்தம் வருகிற எட்டு டைல்ஸ் மட்டும் மாற்றுவது, கம்மோடு பக்கம் காய்ந்தே இருப்பதால் அங்கே வருகிற இரண்டு டொப்பை விட்டுவிடுவது. மீதி 25,000ல் 15,000 இரண்டாவது தடவை தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகு, 10,000 ஒரு மாதம் கழித்து. எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி அவரிடம் "சரி" வாங்கினேன்.

உடைத்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன், லீவு போட்டு. இரண்டடிக் கல்லின் முதுகில் ஐந்து உருண்டை, அச்சு அசலாகப் பிள்ளையார். அதற்குக் கீழே இருந்த ஃபில்லிங்கில் எங்கள் பழைய பாத்ரூமின் பச்சை டைல்ஸ் துண்டுகள் அப்படியே கிடந்தன, உடைத்த ரப்பிஷை வெளியே கொட்ட வண்டிக் காசு மிச்சம் பிடித்திருக்கிறார்கள். எல்லாம் ஊறிச் சொதசொத என்று இருந்தது. வாட்டர் ப்ரூஃபிங் நடுவில் இருந்தது, ட்ராப்பைச் சுற்றி இல்லை. ட்ராப் பழையது, அதன் கழுத்தைச் சுற்றி வெறும் சிமென்ட், அதில் விரல் போகிற விரிசல். மாமா வீட்டு ஈரம் அங்கேதான்.

இந்தத் தடவை ட்ராப்பையே மாற்றி, கழுத்தைச் சுற்றிச் சுருங்காத க்ரௌட் ஊற்றி, மூலைகளில் வலை வைத்து, வாட்டர் ப்ரூஃபிங்கைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோட், சுவரில் ஓரடி ஏற்றி அடித்தார்கள். டைல்ஸ் போடும் முன்பே 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தினோம். மாமா வீட்டில் நான், மனைவி, மாமா, மாமி நாலு பேரும் அண்ணாந்து பார்த்தோம், ஒரு பொட்டு இல்லை. அப்புறம்தான் ஒன்றுக்கு ஒன்று டைல்ஸ். இறக்கம் 22 மில்லி.

மட்டக்குழாய்
டைல்ஸ் போடும் முன் தேக்கிப் பார்த்தீர்களே, அதுதான் வேலை. பாதிப் பேர் டைல்ஸ் போட்ட பிறகு பார்க்கிறார்கள், ஒழுகினால் திரும்ப உடைக்க வேண்டும். சுவர் டைல்ஸ் அதே ஷேடு கிடைத்ததா?

பழைய பிளாட்காரன்
அதை மட்டும் கேட்காதீர்கள் சார். அதே மாடல், அதே கம்பெனி, பெட்டியில் பேட்ச் நம்பர் வேறு. ஒரு சாயல் கறுப்பு. எட்டையும் ஷவர் பக்கத்தில் வைத்தால் பல் கட்டின மாதிரி தெரியும் என்று, கதவுக்குப் பின்னால் இருந்த பழைய டைல்ஸில் எட்டைச் சேதமில்லாமல் கழற்ற முடியுமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். அதுவும் ஐந்து உருண்டைதானே, அலுங்காமல் கையோடு வந்துவிட்டது. அதை ஷவர் பக்கம் முழு அடெசிவ் இழுத்து ஒட்டி, புதுசைக் கதவுக்குப் பின்னால் போட்டாயிற்று. வேலை மோசமாக இருந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம்.

கோவை அக்கா
மாமா வீட்டுப் பெண் பார்ப்பது?

பழைய பிளாட்காரன்
அடுத்த ஞாயிறு. சீலிங்குக்கு பெயின்ட் நான் அடித்துக் கொடுத்தேன், ஈரம் காய இரண்டு வாரம் விடச் சொன்னார் பெயின்டர், முடியாது என்று மாமி சொல்லிவிட்டார். மீந்த பெட்டியில் தரை டைல்ஸ் ஏழு, சுவர் டைல்ஸ் நாலு, பரண்மேல் ஏற்றிவிட்டேன், பேட்ச் நம்பரைப் பெட்டி மேலேயே மார்க்கரில் பெரிதாக எழுதி. அம்மா நேற்றிலிருந்து அங்கேதான் குளிக்கிறார். தரை நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன், ஹாண்டில் இன்னும் நாலு அங்குலம் கீழே இருந்திருக்கலாம் என்கிறார்.